நாற்பதில் எண்பது

மூன்று நட்டுகள் கழன்று வந்துவிட்டன. நான்காவதுதான் அசைய மாட்டேன் என்றது. அவள் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி ஸ்பேனரை இரண்டு கைகளாலும் பிடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றி இழுத்துப் பார்த்தாள். புது சைலன்சர். மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. இனி எந்தக் காலத்திலும் ஆடக் கூடாது என்று அவளே பக்கத்தில் நின்று இறுக்கச் சொன்னது.

ஷெட்டுக்கும் அப்பா படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரில் ஒரு ஜன்னல், அது திறந்திருந்தது. அதனால் சுத்தியலை எடுக்காமல் வேலை செய்தாள். இரும்பில் இரும்பு படும் சத்தம் கேட்டால் அப்பாவுக்கு இங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துபோகும்.

காலை எட்டரைக்கு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"இன்னைக்கு, இல்லன்னா நாளைக்கு. பக்கத்துலயே இருங்க."

அவள் உள்ளே போனபோது அப்பா விழித்திருந்தார்.

"என்ன சொல்றார் டாக்டர்? ரைட் டைமா, லேட்டா?"

முப்பத்திரண்டு வருடம் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்தவர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதியே ஓய்ந்தவர். ஓய்வு பெற்றும் அந்தப் பேச்சு மட்டும் ஓய்வு பெறவில்லை.

"ஒண்ணும் சொல்லலப்பா. ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்."

"இதுக்கு மேல என்னத்த ரெஸ்ட் எடுக்கிறது." மூச்சுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். "பாப்பா, வண்டிய ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணேன். கேக்கணும்."

அவள் போர்வையின் ஓரத்தைச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை சரி செய்தாள்.

"பேட்டரி டவுனா இருக்குப்பா. சார்ஜ் போட்டுட்டு வரேன்."

"சரி, போட்டுட்டுச் சொல்லு."

பேட்டரியில் ஒரு குறையும் இல்லை.

அந்தக் காரை அப்பா வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஓய்வு பெற்ற மறு மாதம், பழைய கார்கள் விற்கும் முற்றம் ஒன்றுக்கு மூன்று பேருமாகப் போனார்கள். ஆயுளில் ஒரு தடவையாவது இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்ட வேண்டும் என்று அவர் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டதில்லை.

முற்றத்தில் அந்த மாதிரி இரண்டு கார்கள் நின்றன. ஒன்று வெள்ளி நிறம், ஆறு வருடப் பழசு. இன்னொன்று கத்திரிப்பூ நிறம், அவளைவிட வயதில் மூத்தது. அவள் வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தில் இன்ஸ்பெக்டர். இரண்டின் விவரங்களையும் ஒரு தாளில் கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் எட்ட வெள்ளிக்கு ஏழு விநாடி, கத்திரிப்பூவுக்குப் பதினாலு. பிரேக், எடை, டயர் என்று ஒவ்வொரு வரியிலும் வெள்ளிதான் ஜெயித்தது.

அப்பா இரண்டையும் ஓட்டிப் பார்த்தார். வெள்ளியிலிருந்து இறங்கி, "நல்ல வண்டி" என்றார். கத்திரிப்பூவிலிருந்து இறங்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

"அப்பா, இது நீங்க டைம் எழுதின பஸ்ஸவிட மெதுவாப் போகும்."

"இருக்கட்டும். அது எம்பதுல போனாலும் நாப்பது மாதிரி இருக்கு. இது நாப்பதுல போனா எம்பது மாதிரி இருக்கு."

"அதுக்குப் பேரு ஏமாத்து வேலைப்பா."

"ஏமாறுறவனுக்குச் சந்தோஷமா இருந்தா உனக்கு என்ன வந்துச்சு?"

அப்போது அம்மா கேட்டாள்: "வீட்ல மூணு பேரு. வண்டியில ரெண்டு சீட்டு. யாரக் கழட்டி விடுறதா உத்தேசம்?"

அந்தக் கார் ஓடுகிற லட்சணம் தெருவுக்கே தெரியும். இரண்டாவது கியருக்கு வரும்போதெல்லாம் 'கர்ர்' என்று ஒரு முனகல். சைலன்சரில் ஒட்டுப் போட்ட ஓட்டை ஒன்று. நின்றபடி ஓடும்போது மூன்று துடிப்பு ஒழுங்காக இருக்கும், நாலாவதுக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம் வரும். "யோசிச்சுப் பேசுது" என்பார் அப்பா. அவள் வேலை பார்க்கும் நிலையத்துக்கு அது வருடாவருடம் சோதனைக்கு வரும் நாளில் அவள் விடுப்பு எடுத்துக்கொள்வாள். தன் கையால் அதற்கு 'தகுதி இல்லை' என்று சிவப்பு முத்திரை குத்தும் சங்கடம் வேண்டாம் என்றுதான்.

அப்பா ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தார். அந்த நாட்களில் அவளுக்கு ஓர் எண்ணம் தோன்றியது, பிறகு அதுவே வேலையாகிவிட்டது. வண்டியைச் சரி செய்து வைத்தால் அப்பா எழுந்து வந்துவிடுவார். யாரிடமும் இப்படிச் சொல்லவில்லை. சொன்னால் தனக்கே சிரிப்பு வரும் என்று தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போவாள். பழைய இரட்டைக் கார்புரேட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார்கள். சைலன்சர் புதிது. கியர்பெட்டியும் முனகுவதை நிறுத்தியது. பதினாலு விநாடி பதினொன்றரை ஆயிற்று. சத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது. அவள் எல்லாவற்றையும் அளந்து எழுதி வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். அப்பா வீட்டுக்கு வந்த ஆறாம் நாள், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மெக்கானிக் காரைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் அவள் அதை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றினாள். நாற்பதில் போனாள். நாற்பது மாதிரிதான் இருந்தது.

தெருக்கோடியில் ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு திருப்பிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினாள். "அப்பா கேட்டாரா?" என்று அம்மாவிடம் கேட்டாள். "மாத்திரை போட்டுத் தூங்கிட்டிருந்தார்" என்றாள் அம்மா. அது நான்கு நாளுக்கு முன்னால்.

அந்த நான்காவது நட்டு, ஒன்பதே முக்காலுக்கு மெக்கானிக் வந்த பிறகுதான் கழன்றது.

மெக்கானிக்குக் கடைத்தெருவில் ரேடியோ என்று பேர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. பழைய சைலன்சரைக் கயிற்றால் பைக்கின் பின்னால் கட்டி, கார்புரேட்டர்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நல்லவேள மேடம், பழசத் தூக்கிப் போடல. என் சம்சாரம் அந்தக் கார்புரேட்டர்ல பூச்செடி வைக்கலாம்னு பாத்தா. நான்தான் அது சார் சொத்து, கைய வைக்காதன்னு..."

"அண்ணே, மெதுவா. ஜன்னல் திறந்திருக்கு."

ரேடியோ குரலைத் தணித்தார். காரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். வாளியைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மேடம், ஒரு விஷயம். பிரிக்கிறதுக்கு முன்னாடி சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமே. அன்னைக்கு நான் வண்டி விட வந்தப்போ..."

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வேலை முடியிற வரைக்கும் பேசாம இருக்க முடியுமா?"

அவர் அவளைப் பார்த்தார். நேற்று இரவு முழுக்கத் தூங்காத முகம்.

"முடியும் மேடம்" என்றார்.

அதற்குப் பிறகு, ஸ்பேனர் நம்பரைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை. ரேடியோ அணைந்து கிடந்ததை அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினொரு மணிக்கு அம்மா ஷெட்டுக்கு வந்தாள். தரையில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தாள். இரண்டு டம்ளர் டீயை வைத்துவிட்டுப் போனாள். பன்னிரண்டரைக்கு மறுபடியும் வந்தாள்.

"உள்ள வந்து உக்காருடி."

"இதோம்மா. அரை மணி நேரம்."

"பழைய சத்தமா, புதுச் சத்தமான்னு பாத்தா அவர் உன்ன ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்? ஸ்டார்ட் பண்ணு, கேக்கட்டும். சத்தம் முன்னப் பின்ன இருந்தா என்ன? அவருக்குத் தெரியவா போகுது?"

"தெரியும்மா. அவருக்குத் தெரியும். அவருக்குப் புடிச்சதே அது ஒண்ணுதான். அதப் போய் நான்..."

முடிக்காமல் குனிந்து, கையில் இருந்த கார்புரேட்டரின் சின்னத் துளை ஒன்றில் ஊதினாள்.

"வண்டி எங்கயும் போகாது" என்றாள் அம்மா. பிறகு உள்ளே போய்விட்டாள்.

கார்புரேட்டரை எஞ்சினோடு பொருத்தும் இடத்தில் வைக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தது. ரேடியோ அதை வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். அவர் திரும்பும்வரை அவளுக்குக் கையில் வேலை இல்லை. அப்போது போய் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் பேட்டரியைப் பற்றிக் கேட்பார், இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். அவள் பழைய சைலன்சரின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் பார்க்கப் போகாத பக்கத்தையும் தேய்த்தாள்.

இரண்டு மணி சுமாருக்கு ஜன்னல் பக்கம் போய், கம்பி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். டாக்டர் அனுப்பியிருந்த நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அம்மா கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள். அப்பாவின் கண் மூடியிருந்தது. உதடு உலர்ந்து வெள்ளை பூத்திருந்தது. நிழல் விழுந்ததை உணர்ந்தவர்போல இமையைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"ஆச்சா?"

"இப்ப ஆயிடும்ப்பா. அரை மணி நேரம்."

அன்றைக்கு அவள் சொன்ன எத்தனையாவது அரை மணி நேரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நிமிடக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்றியதில்லை.

"அவசரம் இல்ல" என்றார்.

ரேடியோ கேஸ்கெட்டோடு இரண்டேகாலுக்கு வந்தார். முதல் கடையில் அளவு கிடைக்காமல் மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார். அதையும் அவர் சொல்லவில்லை. வியர்வையையும், கையிலிருந்த துண்டுச்சீட்டில் எழுதி அடித்திருந்த கடைப் பெயர்களையும் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். இருவரும் மளமளவென்று மாட்டினார்கள். பெட்ரோல் குழாய், கம்பி, கடைசியாகச் சைலன்சர். பழைய போல்ட்டில் பழைய சைலன்சர் ஒரே தள்ளலில் போய் உட்கார்ந்தது.

எந்த வண்டியையும் சோதனைக்கு உயிர்ப்பிக்கும் முன்னால் நேரத்தை எழுதுவது நிலையத்தில் விதி. கை தானாகப் பென்சிலைத் தேடியது. கேஸ்கெட் வந்த அட்டையில், 'ஸ்டார்ட் 3.25' என்று எழுதினாள். பிறகு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. சத்தம் அடங்கி நின்ற ஓட்டத்துக்கு வந்ததும் அவள் காது கொடுத்தாள். மூன்று துடிப்பு. தயக்கம். நாலாவது. மறுபடியும் மூன்று. மறுபடியும் அந்தத் தயக்கம்.

ரேடியோ தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் காரை ஓடவிட்டு, சமையலறை வழியாக உள்ளே ஓடினாள். அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். வழியை விட்டு விலகவும் இல்லை, மறிக்கவும் இல்லை.

"அம்மா, கேட்டாரா?"

அம்மா அவளையே பார்த்தாள். ஜன்னல் வழியாகக் கார் அதன் கதையை யோசித்து யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

"கேட்டார்" என்றாள் அம்மா. "கேட்டுட்டுத்தான் போனார்."

அவள் கட்டிலருகே மண்டியிட்டு அப்பாவின் கையை எடுத்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். எதையும் அளந்து பழகிய விரல்கள். கையில் சூடு இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய அளவு இல்லை. பிடித்தபடியே இருந்தாள். வெளி நடையில் நர்ஸம்மா டாக்டரிடம் போனில் பேசுவது கேட்டது. தாழ்ந்த குரல்தான்.

"ஆமா டாக்டர். மூணு பத்துக்கு. கஷ்டப்படல. அம்மா பக்கத்துல இருந்தாங்க."

அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் காரின் சத்தம் நின்றது. ரேடியோ சாவியைத் திருப்பியிருப்பார்.

பிறகு வீடு நிறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பணிமனையின் பழைய ஓட்டுநர்கள் நாலு பேர் வந்தார்கள். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு எழுதிட்டு, போய் டீ குடிச்சிட்டு வாப்பான்னு சொல்லுவார்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பாவை எடுத்துப்போக ஆறு மணிக்கு வண்டி வரும் என்று யாரோ ஏற்பாடு செய்திருந்தார்கள். அவளிடம் எதையாவது கேட்டால் சரியாகப் பதில் சொன்னாள். டாக்டரின் சான்றிதழில் அப்பாவின் பிறந்த தேதி தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னாள்.

கூட்டம் கூடியபோது ஷெட்டுக்குப் போனாள். ரேடியோ இன்னும் அங்கேயே இருந்தார். புதுச் சைலன்சரையும் புதுக் கார்புரேட்டரையும் சாக்கில் சுற்றி மூலையில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"இப்பப் பேசலாமா மேடம்?"

"பேசுங்கண்ணே."

"காலைலயே சொல்ல வந்தேன்." கைத்துணியை முறுக்கினார். "அன்னைக்கு நான் வண்டி விட வந்தப்போ சார் முழிச்சுத்தான் இருந்தார். ஜன்னல் வழியாக் கூப்பிட்டார். இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட விடுன்னார். கண்ண மூடிக் கேட்டுட்டு, என்ன ரேடியோ, என் வண்டிய நல்லவனாக்கிட்டீங்களான்னார்."

அவள் காரின் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நான் பயந்துட்டேன். சார், உங்களுக்குப் புடிக்கலன்னா பழசு என்கிட்டதான் இருக்கு, ஒரு நாள் வேலைன்னேன். சே சேன்னுட்டார். இனிமே நாப்பதுல போனா நாப்பது மாதிரிதான் இருக்கும், போகட்டும். நான் கெடந்த நாள்லாம் என் பொண்ணு இதுல உக்காந்து வேல பாத்திருக்கா, அதுவே போதும்னார். நீ அவகிட்ட வாயத் திறக்காத, நான் கேட்டாச்சுன்னு முன்னாடியே தெரிஞ்சுட்டா அவ முகம் மலர்றதப் பாக்க முடியாமப் போயிடும், ஒரு நாள் அவளையே ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, முதல் தடவ கேக்குற மாதிரி கேட்டு, நல்லாருக்குன்னு நானே சொல்லிக்கிறேன்னார்."

அவர் நிறுத்தினார். பேச இன்னும் இருந்த மாதிரி வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"சரிண்ணே" என்றாள் அவள்.

"சொல்லியிருக்கணும் மேடம். நீங்க பேசாதன்னு சொன்னாலும் நான் சொல்லியிருக்கணும். ஊர்ல எல்லாத்தையும் பேசுற வாயி."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"உள்ள யார்கிட்டயாவது கேட்டுச் சாப்பிடுங்க. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடலையே."

அவர் போன பிறகு அவள் மட்கார்டைத் தடவிக்கொண்டு நின்றாள். எஞ்சின் இன்னும் முழுக்கக் குளிரவில்லை. உள்ளே உலோகம் சுருங்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

"எங்கடி இருக்க? வா. அப்பாவுக்குச் சட்ட மாத்தணும்" என்று அம்மா கூப்பிட்டாள்.

அறையின் கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே அம்மாவும் நர்ஸம்மாவும் மட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து முகம், கழுத்து, மார்பு எல்லாம் துடைத்தாகிவிட்டது. அம்மா பீரோவிலிருந்து முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். வெள்ளை, இஸ்திரி போட்டது. அவள் அப்பாவின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினாள், அம்மா சட்டையை நுழைத்தாள். இந்த ஐம்பது நாளில் இவ்வளவு இளைத்துப்போயிருந்தார். தூக்குவதற்குப் பலமே வேண்டியிருக்கவில்லை.

வலது கையைப் பிடித்துச் சட்டைக் கைக்குள் நுழைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா நிறுத்தினார்.

"இங்க ஏதோ கறுப்பா ஆகியிருக்கும்மா."

மூன்று பேரும் பார்த்தார்கள். அப்பாவின் மணிக்கட்டில் கிரீஸ். புறங்கைப் பக்கம் நான்கு விரல், உள்பக்கம் நாடி இருக்கும் இடத்தில் கட்டைவிரல். ரேகைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"தண்ணிக்குப் போகாது. ஸ்பிரிட் இருக்கு. ஒரு நிமிஷத்துல தொடச்சிரலாம்" என்று நர்ஸம்மா பஞ்சை எடுத்தார்.

அம்மா அந்த மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் கைகளைப் பார்த்தாள். மகள் அவற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள நினைத்தாள். அப்பாவின் தோள் கையில் இருந்ததால் முடியவில்லை.

"வேண்டாம்" என்றாள் அம்மா.

சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, பட்டனைப் போட்டாள். போட்ட பட்டனை ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு இடது கையை எடுத்தாள்.